'அமோனியா 0.8, நார்மல்': லேப் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கொள்ளிடம் முதல் கோடியக்கரை வரை இறால் குளத்துத் தண்ணீரைச் சோதித்துச் சீட்டு எழுதித் தரும் லேப் நண்பர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னை முகத்தால் தெரியும். காலை 8 மணிக்குத் தண்ணீர் பாட்டில் நாலைந்தை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு வண்டியில் வந்து நிற்கிற ஆட்களில் நானும் ஒருவன். சீர்காழி வட்டத்தில் நாலு குளம் வைத்திருக்கிறேன். தண்ணீர் உப்பனாற்றிலிருந்து எடுக்கிறேன். டைகர் இறால் வளர்த்த காலத்தில் வெள்ளைப்புள்ளி என்ற வைரஸ் நோயில் கையைச் சுட்டுக்கொண்டு ஒதுங்கியிருந்து, 2009-ல் வனாமி என்ற வெளிநாட்டு இறாலுக்கு அனுமதி வந்த பிறகு மறுபடி சேற்றில் கால் வைத்தவன்.

சண்டை போட இதை எழுதவில்லை. போட வேண்டிய சண்டையை இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே போட்டு முடித்துவிட்டேன், அதுவும் சம்பந்தமில்லாத ஆளிடம். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மாசி மாதம். மரக்காணத்திலிருந்து ராத்திரி கிளம்பிய வேன் விடியற்காலையில் குளக்கரைக்கு வந்துவிட்டது. ஒரே ஹேச்சரி (குஞ்சு பொரிப்பகம்), ஒரே தொட்டிக் குஞ்சு. இரண்டாம் குளத்துக்கு 2 லட்சம், மூன்றாம் குளத்துக்கு 2 லட்சம். இரண்டும் ஆளுக்கு ஒரு ஏக்கர். வழக்கம்போல குளத்துக்குள் கட்டுகிற ஹாப்பா என்ற சின்ன வலைக் கூண்டில் 100 குஞ்சை எண்ணிப் போட்டேன். இரண்டு நாள் கழித்து எண்ணியபோது இரண்டு குளத்திலும் 90-க்கு மேல் உயிரோடு இருந்தது. வயிறு குளிர்ந்தது. எத்தனை குஞ்சுக்கு எவ்வளவு என்று சொல்கிற சார்ட்டைப் பார்த்துத் தீவனம் போட ஆரம்பித்தோம்.

22-ஆம் நாள் வீச்சு வலை போட்டோம். இரண்டாம் குளத்தில் வலை துள்ளியது. மூன்றாம் குளத்தில் விரல் விட்டு எண்ணும்படி இருந்தது. நாலு மூலையிலும் வீசிப் பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டேன். பாதி கூட இல்லை.

செத்தது எங்கே? ஒன்றும் மிதக்கவில்லை, கரை ஒதுங்கவில்லை, காக்கை கூட வரவில்லை. பெரிய இறால் செத்தால் ஊருக்கே தெரியும். நெல்மணி அளவு குஞ்சு செத்தால் அடியில் படிந்துவிடும். கூட இருக்கிற குஞ்சே அதைத் தின்றுவிடும். சாவு நடந்ததற்குச் சாட்சி இருக்காது. சாட்சி இல்லாத சாவுக்குக் காரணம் சொல்வது யாருக்கும் சுலபம். 'குஞ்சு சரியில்லை' என்றார்கள். 'ரன்னிங் மார்ட்டாலிட்டி (தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவது) மாதிரி இருக்கு' என்றார்கள். நோய்ச் சோதனைக்கு அனுப்பினேன். வெள்ளைப்புள்ளியும் இல்லை, இ.எச்.பி. என்ற ஒட்டுண்ணியும் இல்லை. அப்புறம் ஹேச்சரி ஏஜெண்டிடம் போய்ச் சண்டை போட்டேன். பாவம், அந்தத் தம்பி கேட்ட ஒரே கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "அண்ணே, அதே தொட்டிக் குஞ்சுதானே பக்கத்துக் குளத்துல துள்ளுது?"

என் சட்டைப் பையில் உங்களில் ஒருவர் எழுதித் தந்த சீட்டு இருந்தது. எந்த லேப் என்பது முக்கியமில்லை, எல்லா லேப் சீட்டும் அச்சு அசல் அப்படியேதான் இருக்கிறது. உப்பு 22 (ஆயிரத்துக்கு இத்தனை பங்கு). பி.எச். (தண்ணீர் புளிப்பா காரமா என்று சொல்கிற எண்) 7.9. ஆல்கலினிட்டி (காரத்தன்மை) ஒரு எண். அப்புறம் அந்த வரி: 'அமோனியா 0.8 — நார்மல்'. நார்மல் என்ற சொல்லுக்கு அடியில் பேனாவால் ஒரு கோடு கூட இழுத்திருந்தது, நான் கவலைப்படக் கூடாது என்று.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவர்கள். நான் பத்தாம் வகுப்பு. ஆனால் நீங்கள் படித்தது சீட்டில் வரவில்லையே, அதுதான் என் குறை.

தண்ணீரில் அமோனியா இரண்டு உருவத்தில் இருக்கிறது. ஒன்று அமோனியம், மின்னூட்டம் உள்ளது; செவுள் தோலைத் தாண்டி எளிதில் உள்ளே போகாது. இன்னொன்று மின்னூட்டம் இல்லாத வெறும் அமோனியா. அது செவுளுக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். கொல்வதில் பெரும்பங்கு இதனுடையது. உங்கள் கண்ணாடிக் குழாயில் மருந்து ஊற்றினால் வருகிற நிறம் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. 0.8 (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) என்பது மொத்தக் கணக்கு. அதில் எவ்வளவு சாது, எவ்வளவு கொலையாளி என்பதைப் பிரித்துச் சொல்வது பி.எச்.சும் வெயிலும்தான்.

எங்கள் மாதிரி உவர் குளத்தில், தண்ணீர் 30 டிகிரி சூட்டில் இருக்கும்போது, பி.எச். 7.5 என்றால் மொத்த அமோனியாவில் 100-க்கு 2 பங்குதான் விஷ உருவம். பி.எச். 8 என்றால் 6 பங்கு. 8.5 என்றால் 16, 17. பி.எச். 9-ஐத் தொட்டால் 100-க்கு 40 கிட்ட வந்துவிடும். அரைப் புள்ளி பி.எச். ஏறினால் விஷம் இரண்டு மூன்று மடங்கு ஏறுகிறது. ஒரே குளம், ஒரே நாள், அதே 0.8.

ஏஜெண்ட் தம்பியிடம் தோற்றுத் திரும்பிய வாரம் என் அக்கா மகன் ஒரு பி.எச். பேனா வாங்கிக் கொடுத்தான். மூன்றாம் குளத்துப் பலகையில் நின்று விடியற்காலையில் முக்கினேன், 7.8. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்து, 4 மணிக்கு வெயில் முதுகில் அடிக்கப் போய் முக்கினேன். எண் ஓடி ஓடி 9.1-ல் நின்றது. பேனா பழுது என்று நினைத்துக் கழுவி மறுபடி முக்கினேன். 9.1. பக்கத்துக் குளத்தில் போய் முக்கினேன், 8.3. அன்றைக்குத்தான் மூன்றாம் குளத்துத் தண்ணீரின் நிறத்தை நிஜமாகவே பார்த்தேன். இரண்டாம் குளம் இளம் பழுப்பு. மூன்றாவது கரும்பச்சை. முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரியவில்லை. பகலெல்லாம் பாசி கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, பி.எச். ஏறிக்கொண்டே போகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விடியற்காலை 28 டிகிரி, பி.எச். 7.8. 0.8-ல் விஷ அமோனியா 0.03-ஐக் கூடத் தொடவில்லை. நார்மல்தான், ஒத்துக்கொள்கிறேன். சாயங்காலம் 32 டிகிரி, பி.எச். 9.1. அதே 0.8-ல் கிட்டத்தட்டப் பாதி விஷ உருவம், அதாவது 0.38 சொச்சம். காலைக்கும் சாயங்காலத்துக்கும் ஏறத்தாழ 14 மடங்கு. நான் உங்களிடம் கொண்டு வந்தது காலைத் தண்ணீர். அதையும் நீங்கள் மேஜையில் வைத்து, எனக்கு முன்னால் வந்த ஆறு பேருடைய பாட்டில் முடிந்த பிறகுதான் சோதித்தீர்கள். மூடிய பாட்டிலுக்குள் கிருமியும் பாசியும் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் பி.எச். அதன் போக்கில் நகரும். உங்கள் 7.9 என்பது பாட்டிலின் பி.எச். குளத்தினுடையது இல்லை.

சரி, 0.38 என்பது பெரிய விஷயமா? இங்கே தைவான்காரர்களைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது. லின், சென் என்ற இருவர் 2001-ல் வனாமிக் குஞ்சுகளை வைத்து ஒரு சோதனை செய்து எழுதினார்கள். 22 மில்லிமீட்டர் நீளக் குஞ்சுகள், ஒரு அங்குலத்துக்கும் குறைவு. 96 மணி நேரத்தில் பாதிக் குஞ்சைச் சாகடிக்கிற விஷ அமோனியா அளவு, உப்பு 15-ல் லிட்டருக்கு 1.20 மில்லிகிராம், உப்பு 35-ல் 1.60. பாதி சாகிற அளவை வைத்துக்கொண்டு யாரும் இறால் வளர்க்க முடியாது. அதனால் அதில் பத்தில் ஒரு பங்கைப் பாதுகாப்பு எல்லையாக வைத்தார்கள். உப்பு 15-ல் 0.12, உப்பு 25-க்கு மேல் 0.16. என் குளத்து 0.38 அந்த எல்லையைப் போல இரண்டு மூன்று மடங்கு. அதுவும் அவர்கள் சோதித்தது அங்குலம் நெருங்கிய குஞ்சு, நல்ல காற்றோட்டம் உள்ள தொட்டி. நான் இறக்கியது அதில் பாதி நீளம் கூட இல்லாத பி.எல். (போஸ்ட் லார்வா, ஹேச்சரியிலிருந்து வருகிற இளங்குஞ்சு). என் குளத்தில் விடியற்காலை ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்று எனக்கே தெரியாது.

குஞ்சுக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது? இறாலுக்குச் சிறுநீர் என்று நாம் நினைக்கிற மாதிரி பெரிதாக ஒன்றும் கிடையாது. தின்ற புரதத்தின் கழிவை அமோனியாவாகவே செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடும். வெளியிலும் அமோனியா நிறைந்திருந்தால் உள்ளே இருப்பது வெளியே போகாது. தெரு முழுக்கப் புகை இருக்கும்போது வீட்டு ஜன்னலைத் திறந்து அடுப்புப் புகையை எங்கே அனுப்புவது? மேலும், சின்னது அடிக்கடி சட்டை (மேலோடு) கழற்றும். பெரிய இறால் வாரக்கணக்கில் இடைவெளி விடும், பி.எல். ஓரிரு நாளைக்கு ஒரு முறை கழற்றும். சட்டை கழற்றிய சில மணி நேரம் தோல் ஈரக் காகிதம் மாதிரி இருக்கும். அந்த நேரம் பார்த்து மாலை 4 மணி வந்துவிட்டால் அது தாங்காது. அமோனியா ஏறினால் இறால் இன்னும் அடிக்கடி சட்டை கழற்றும் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் குளத்தில் நடந்தது இது ஒன்றால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். 9.1 பி.எச்.சே குஞ்சுக்கு ஆகாது. என் தப்பும் இருக்கிறது. முந்தைய கல்ச்சர் (வளர்ப்பு) சேற்றை அந்தக் குளத்தில் முழுசாக வாரவில்லை, மழை வருகிற மாதிரி இருந்ததால் அவசரப்பட்டுத் தண்ணீர் கட்டினேன். தவிட்டையும் வெல்லத்தையும் புளிக்கவைத்து ஊற்றுகிற ஜூஸை, நிறம் வரவில்லையே என்று இரண்டு முறை கூடுதலாக விட்டேன். பாசி அப்படிக் கொழுத்ததற்கு நானே காரணம். ஆனால் அந்தச் சீட்டில் 'நார்மல்' என்று இல்லாமல் 'சாயங்காலம் பி.எச். பாருங்கள்' என்று மூன்று சொல் இருந்திருந்தால் 10-ஆம் நாளே கால்வாசித் தண்ணீரை மாற்றியிருப்பேன்.

இதில் கொடுமை என்னவென்றால், குஞ்சு செத்தது தெரியாததால் நான் தீவனத்தைக் குறைக்கவில்லை. சார்ட் 2 லட்சத்துக்குச் சொல்கிறது, நானும் 2 லட்சத்துக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். தின்பதற்கு இருந்தது 90 ஆயிரமோ என்னவோ. 36 சதம் புரதத் தீவனம் ஒரு கிலோவில் ஏறத்தாழ 58 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. இறால் நன்றாகத் தின்றாலே அதில் கால்பங்கு சொச்சம்தான் உடம்பில் சேரும், மீதி குளத்துக்கு. தின்ன ஆளில்லாவிட்டால் முழுவதும் குளத்துக்கு. ஒரு ஏக்கரில் நாலடித் தண்ணீர் என்றால் 49 லட்சம் லிட்டர். 10 கிலோ தீவனம் தின்று தீர்ந்தால் கூட மிஞ்சுகிற நைட்ரஜன் லிட்டருக்கு 0.09 மில்லிகிராம் வரும். பார்க்கச் சின்ன எண். பாசியும் பாக்டீரியாவும் அதை எடுத்துக்கொள்கிற வரைக்கும் நாமும் நிம்மதியாக இருக்கிறோம். பாசி ஒரு நாள் மொத்தமாகச் செத்து விழுந்தால், வாங்குகிறவன் போனது மட்டுமில்லை, வாங்கியதையும் திருப்பிக் கொட்டிவிட்டுப் போகிறான். பத்து நாள் பாக்கி ஒரே நாளில் வரும். குஞ்சைக் கொன்ற அமோனியா தீவனத்தை மிச்சமாக்கி, அந்தத் தீவனம் இன்னும் அமோனியாவாகி, மிஞ்சிய குஞ்சையும் கொல்கிறது. இந்தச் சக்கரத்துக்குள் நான் 22 நாள் சுற்றியிருக்கிறேன்.

இனி நைட்ரைட். குளத்துப் பாக்டீரியா அமோனியாவை மாற்றும்போது வருவது இது.

இதில் எனக்கு இன்னும் பெரிய குழப்பம். ஒரே பாட்டில் தண்ணீரை இரண்டாகப் பிரித்து இரண்டு லேப்பில் கொடுத்தேன் (சோதித்துப் பார்க்கத்தான், மன்னிக்க வேண்டும்). ஒரு சீட்டில் 0.6. இன்னொன்றில் 2. யாரோ ஒருவர் தப்பு என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, இரண்டு பேரும் சரி. ஒருவர் நைட்ரைட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எழுதியிருக்கிறார், இன்னொருவர் நைட்ரைட் முழுவதையும் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே 3.3 மடங்கு வித்தியாசம். ஒருவர் கிலோவிலும் இன்னொருவர் பவுண்டிலும் நிறுத்துவிட்டு இரண்டு பேருமே 'எடை' என்று எழுதித் தந்த கதை. அமோனியாவிலும் இதே வேலை நடக்கிறது, அங்கே வித்தியாசம் 1.2 மடங்குதான் என்பதால் அவ்வளவாகத் தெரிவதில்லை.

நைட்ரைட் எவ்வளவு இருந்தால் ஆபத்து என்பது உப்பைப் பொறுத்தது. இறால் குளோரைடை உள்ளே இழுக்கிற அதே வாசல் வழியாகத்தான் நைட்ரைட்டும் நுழைகிறது. தண்ணீரில் உப்பு நிறைய இருந்தால் வாசலில் குளோரைடு கூட்டம் அதிகம், நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. உப்பு குறைந்தால் வாசல் காலி. உள்ளே போனதும் அது இறாலின் ரத்தத்தைக் கெடுக்கிறது. நம் ரத்தத்தில் இரும்பு, அதன் ரத்தத்தில் தாமிரம், ஆக்சிஜன் ஏறினால் நீலமாகும். நைட்ரைட் பட்ட ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. காற்றடிக்கிற ஏரேட்டர் நாலும் ஓடும், தண்ணீரில் ஆக்சிஜன் 5 இருக்கும், இறால் மட்டும் மூச்சுக்குத் தவித்துக் கரையோரம் வந்து நிற்கும்.

அதே லின், சென் இருவரும் 2003-ல் நைட்ரைட்டுக்கும் எல்லை வகுத்தார்கள். நைட்ரஜன் கணக்கில் உப்பு 35-ல் 25.7, உப்பு 25-ல் 15.2, உப்பு 15-ல் 6.1. மூன்று எண்களையும் பாருங்கள். உப்பு பாதிக்கும் கொஞ்சம் கீழே இறங்கினால் எல்லை நாலில் ஒரு பங்காக இறங்குகிறது. எங்கள் குளத்தில் சித்திரையில் உப்பு 40 நிற்கும். ஐப்பசி மழை பிடித்து உப்பனாறு வெள்ளமாக வந்தால் 5-க்குக் கீழே போகும். உப்பு 2, 3 என்று இறங்கிவிட்டால் ஒரு மில்லிகிராம் நைட்ரைட்டே பெரிய தொகை. ஆனால் சித்திரைச் சீட்டிலும் ஐப்பசிச் சீட்டிலும் நீங்கள் அச்சடித்திருக்கிற 'நார்மல்' கட்டத்தில் ஒரே எண்தான் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு முன் அடித்த புத்தகம் தீர்கிற வரை அதே எண் ஓடும் போலிருக்கிறது.

சீட்டின் கீழ்ப்பாதிக்கு வருகிறேன். மேல்பாதியில் தண்ணீரின் நிலைமை, கீழ்ப்பாதியில் வாங்க வேண்டிய சாமான். ஜியோலைட் (ஒரு வகைக் கல் தூள்) ஏக்கருக்கு இத்தனை கிலோ, யூக்கா (செடிச் சாறு) இத்தனை, புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா) ஒரு டப்பா. சோதனை இலவசம், கீழ்ப்பாதிதான் உங்கள் வருமானம் என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்கு மனவருத்தம் இல்லை, வாடகை கொடுக்க வேண்டுமே. ஆனால் ஜியோலைட் அமோனியத்தைப் பிடிப்பது உப்பில்லாத நல்ல தண்ணீரில். உவர் தண்ணீரில் சோடியம் அந்த இடத்தையெல்லாம் முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. நாலு மூட்டை ஜியோலைட்டைக் கரைத்து விட்ட மறுநாள் சோதித்தால் அமோனியா அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். நானே பார்த்திருக்கிறேன். அதற்குக் கொடுத்த காசுக்குச் சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸ் வாங்கி ஊற்றியிருந்தால் பாக்டீரியாவாவது வளர்ந்து கொஞ்சம் அமோனியாவை எடுத்திருக்கும். ஒரு வேளைத் தீவனத்தை நிறுத்தியிருந்தால் செலவே இல்லை. 'இன்று சாயங்காலத் தீவனம் வேண்டாம்' என்று கீழ்ப்பாதியில் எழுதின லேப் சீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. தீவனமும் விற்கிற கடையில் அது எழுதக் கஷ்டமான வரிதான்.

சுண்ணாம்பு விஷயத்தில் மட்டும் உரிமையோடு கோபப்படுகிறேன். ஆல்கலினிட்டி குறைவு என்று கண்டதும் 'சுண்ணாம்பு' என்று எழுதிவிடுகிறீர்கள். எந்தச் சுண்ணாம்பு? கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பும் நீற்றுச் சுண்ணாம்பும் பி.எச்.சைத் தூக்கி அடிக்கும். டோலமைட்டோ சுண்ணாம்புக்கல் தூளோ அந்த வேலையைச் செய்யாது. அமோனியா 1 இருக்கிற குளத்தில், இளம் குஞ்சு இருக்கும்போது, நீற்றுச் சுண்ணாம்பை மத்தியானம் வீசினால் அது விஷம் வைப்பதுதான். கடையில் மலிவானது நீற்றுச் சுண்ணாம்பு. சீட்டில் வெறும் 'சுண்ணாம்பு' என்று இருந்தால் நாங்கள் மலிவானதைத்தான் வாங்குவோம். இது எங்கள் குணம், உங்களுக்குத் தெரியாதா?

குஞ்சுப் பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆக்சிஜன் அடைத்துக் கட்டிய பைக்குள் குஞ்சு ராத்திரி முழுக்க மூச்சு விடுகிறது, கழிக்கிறது. பைத் தண்ணீரில் அமோனியா பல மடங்கு ஏறியிருக்கும். ஆனால் கரியமில வாயுவும் சேர்ந்து பி.எச். இறங்கிவிடுவதால் அமோனியா சாது உருவத்தில் கிடக்கும், குளிர்ந்த தண்ணீர் வேறு. வேன் பயணத்தில் குஞ்சைக் காப்பாற்றுவது இந்தப் புளிப்புதான். கரையில் பையை அவிழ்த்து, காற்று பட்டு வாயு வெளியேறி, மேலே 8.5 பி.எச். குளத்துத் தண்ணீரையும் ஊற்றி வைத்துக்கொண்டு வேன்காரரோடு டீ குடித்துக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தால், சாதுவாக இருந்ததெல்லாம் பைக்குள்ளேயே எழுந்துகொள்ளும். கட்டு அவிழ்க்காமல் பையை மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்து, அவிழ்த்த பிறகு நேரத்தைக் கடத்தாதே என்று பெரியவர்கள் சொன்னதன் காரணம் இதுதான் என்று இப்போது விளங்குகிறது. குஞ்சு வருகிற அன்று பைத் தண்ணீரில் ஒரு பாட்டில், குளத்துத் தண்ணீரில் ஒரு பாட்டில் கொண்டு வந்தால் இரண்டையும் உடனே பார்த்துச் சொல்ல உங்களால் முடியுமா? அதற்குக் காசு தருகிறேன். இலவசம் வேண்டாம்.

விஷ அமோனியாவைத் தனியாகச் சொல்வது யாரும் செய்யாத புதுமை இல்லை. சி.ஏ.ஏ. (கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம்) வகுத்திருக்கிற கழிவுநீர் விதியைப் பாருங்கள். இறால் பண்ணை வெளியே விடுகிற தண்ணீரில் 'ஃப்ரீ அமோனியா' கடலுக்கென்றால் 1.0, கழிமுகத்துக்கென்றால் 0.5-க்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. மொத்த அமோனியாவை அல்ல, விஷ உருவத்தைத்தான் அரசாங்கம் அளக்கச் சொல்கிறது. வெளியே போகிற தண்ணீருக்கு அந்தக் கணக்கு, உள்ளே குஞ்சு குடியிருக்கிற தண்ணீருக்கு வெறும் மொத்தக் கணக்கா? அதுவும் 0.5 என்பது தைவான் எல்லையைப் போல மூன்று நாலு மடங்கு. உப்பனாற்றில் என் வாய்க்கால் விடுகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இன்னொருவர் மோட்டார் போட்டுக் குஞ்சுக் குளத்துக்குத் தண்ணீர் எடுக்கிறார். எனக்கு மேலே இரண்டு பேர் விடுகிறார்கள், நான் எடுக்கிறேன். இது சி.ஏ.ஏ.யிடம் பேச வேண்டிய பேச்சு, அதற்குத் தனியாக எழுதுவேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். சீட்டில் அமோனியா வரியை இரண்டு வரியாக்குங்கள். முதல் வரியில் மொத்தம், இரண்டாவதில் விஷ அமோனியா, எந்த பி.எச்., எந்தச் சூடு, எத்தனை மணித் தண்ணீர் என்பதோடு. கணக்குப் போட அட்டவணை இருக்கிறது, செல்போனிலேயே போட்டுவிடலாம், அரை நிமிஷம் ஆகாது. எண்ணுக்குப் பக்கத்தில் நைட்ரஜன் கணக்கா முழுக் கணக்கா என்று ஒரு சொல் போடுங்கள். நைட்ரைட்டுக்கு 'நார்மல்' எண்ணை அச்சடிக்காதீர்கள், அன்றைய உப்பைப் பார்த்துக் கையால் எழுதுங்கள். குஞ்சு இறக்கி 30 நாள் ஆகாத குளம் என்று நாங்கள் சொன்னால் அதற்கு வேறு எல்லை வைத்துப் பாருங்கள். 15 கிராம் இறாலுக்கு எழுதின நார்மல் பி.எல்.லுக்கு நார்மல் ஆகாது. சந்தேகம் என்றால் முட்டுக்காட்டில் சிபா (மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம்) ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டிலை விளிம்பு வரை நிரப்பிக் கொண்டு வருவோம். கரையோரத்து நுரையை மொள்ளாமல் பலகை நுனியில் போய் அடித்தண்ணீர் எடுப்போம். வெயிலில் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அரசியல் பேச மாட்டோம். குளத்தங்கரையிலேயே பி.எச்.சும் சூடும் பார்த்துப் பாட்டிலில் ஒட்டிக்கொண்டு வருவோம். பேனா இல்லாதவர்களுக்கு எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.

போன வருஷம் மூன்றாம் குளத்தில் அப்படித்தான் செய்தேன். சேற்றை முழுக்க வாரிக் காயப்போட்டு, ஜூஸை அளந்து விட்டு, முதல் 30 நாளும் விடியற்காலையும் 4 மணியும் பேனா முக்கி நோட்டில் எழுதினேன். இரண்டு முறை 8.7 தாண்டியது. இரண்டு முறையும் அன்றைய சாயங்காலத் தீவனத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன். நோட்டு என்னிடம் இருக்கிறது, பார்க்க வேண்டுமென்றால் கொண்டு வந்து காட்டுகிறேன்.

இந்த வருஷக் குஞ்சு வருகிற மாசி முதல் வாரம் இறங்குகிறது. இறக்கிய பத்தாம் நாள் தண்ணீர் எடுத்து வருவேன், ஆனால் காலையில் இல்லை. உங்களில் பலர் 11 மணிக்கு மேல் பாட்டில் வாங்குவதில்லை, மத்தியானம் ஷட்டரை இறக்கிவிடுகிறீர்கள். குளத்தில் நாலரைக்கு மொண்டால் ஐந்து மணிக்குள் உங்கள் வாசலில் நிற்பேன். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
சீர்காழி வட்டத்து இறால் வளர்ப்பவன் ஒருவன்